ஸ்கின்ஸ் தொடரின் பெற்றோர் ஏன் கோமாளிகளாக இருக்கிறார்கள்?

ஜூன் 8, 2025 (நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் 'ஸ்கின்ஸ்' என்ற பழைய பிரிட்டிஷ் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தூங்கிய பிறகு நானும் சில எபிசோடுகளைப் பார்த்தேன். குடி, மாத்திரை, பொய் ஆகியவை போதாதென்று, அதில் வருகிற தாய் தகப்பன் எல்லோரும் முட்டாள்கள். ஆசிரியர்கள் அவர்களைவிட மோசம். பிள்ளைகளைக் கெடுப்பதற்கென்றே எடுத்த தொடர் இது என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

ஜூன் 9

மறுக்கிறேன். கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனால் அந்தத் தொடரில் வருகிற வயதுப் பிள்ளைகளோடுதான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது.

பெற்றோர் முட்டாள்களாகத் தெரிவது எடுத்தவர்களின் அலட்சியத்தால் நேர்ந்ததன்று. தொடரின் நாயகன் டோனியின் தந்தையாக நடித்த ஹாரி என்ஃபீல்டும் அவன் நண்பன் மாக்சியின் தந்தையாக நடித்த பில் பெய்லியும் பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவைக் கலைஞர்கள். பார்ப்பவர் முகத்தைக் கண்டவுடன் சிரிக்க வேண்டும் என்றே அவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தகப்பன் எப்படித் தெரிவாரோ அப்படித்தான் அவர்கள் திரையில் தெரிகிறார்கள்; அந்தக் கண்ணை விட்டு காமிரா பெரும்பாலும் விலகுவதே இல்லை.

முதல் எபிசோடின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் வெளியே இருந்துவிட்டுத் தங்கை எஃபி விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவள் பிடிபடாமல் உள்ளே வருவதற்காக டோனி தன் அறையில் பாட்டை அலறவிடுகிறான். தந்தை அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போது மகள் உள்ளே வந்துவிடுகிறாள். நெல்லிக்குப்பத்து நண்பர் இதை நகைச்சுவை என்று கடந்து போயிருக்கலாம். நான் சந்தித்த தகப்பன்மாரில் பாதிப் பேர் இதே நிலையில்தான் இருந்தார்கள்: மகனுடைய தலைமுடியோடும் செல்பேசியோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாசலைக் கவனிக்கவில்லை.

ஜூன் 9, இரவு

விட்டுப்போனது ஒன்று. இது சிறுவர்களுக்கான தொடர் என்று யாரும் சொல்லவில்லை. 2007 ஜனவரியில் ஈ4 அலைவரிசையில் இரவு 10 மணிக்கு ஒளிபரப்பாகத் தொடங்கியது; பிரிட்டனில் இதன் டிவிடி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற முத்திரையோடு விற்கப்பட்டது. ஆகவே "மகனை நிறுத்தலாமா" என்பது நீங்கள் வீட்டில் முடிவு செய்ய வேண்டிய கேள்வி. "கெடுப்பதற்கென்றே எடுத்தது" என்பதை மட்டுமே நான் மறுக்கிறேன்.

ஜூன் 12

பண்ணுருட்டி நண்பர், "ஒரே கூத்தாக இருக்கிறது, கதை எங்கே?" என்று கேட்டிருக்கிறார். ஏறக்குறைய ஒவ்வொரு எபிசோடும் ஒரு பிள்ளையின் பெயரைத் தாங்கி வருகிறது. கதை அங்கேதான் இருக்கிறது. டோனியின் எபிசோடில் வேடிக்கைப் பொருளாக வந்து போகிற கேசி, அடுத்த எபிசோடில் நடுவில் வந்து நிற்கிறாள். அவள் சாப்பிடாமல் தேய்ந்துகொண்டிருப்பதைக் கைக்குழந்தையிலும் தங்களிலும் மூழ்கிப்போன பெற்றோர் கவனிக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. மற்றவர்களின் எபிசோடுகளில் துணைப்பாத்திரமாகத் தெரிகிற யாரும் தன்னுடைய எபிசோடில் துணைப்பாத்திரமாக இருப்பதில்லை. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து சிரிப்புக் காட்டுகிற பையனின் வீட்டுக்கு ஒரு முறை போய்வந்த ஆசிரியருக்கு இந்த அனுபவம் புதிதாக இராது.

இன்னொன்று, ஆசிரியர்களுக்கு மட்டும் உறைக்கக்கூடியது. இரண்டு சீசன்கள் முடிந்தவுடன் தொடர் தன் நடிகர்களை ஏறக்குறைய மொத்தமாக மாற்றிவிடுகிறது. முதல் இரண்டு சீசன்களில் டோனி, சிட், கேசி, கிறிஸ், அன்வர். அடுத்த இரண்டில் எஃபி, குக், ஃபிரெடி, நவோமி, எமிலி. அதற்கடுத்த இரண்டில் வேறொரு கூட்டம். ரசிகர்கள் இதற்காகக் கோபப்பட்டார்கள். நமக்கு இதில் கோபப்பட எதுவும் இல்லை. ப்ளஸ் ஒன்னில் வருகிறார்கள், ப்ளஸ் டூ முடிந்ததும் போய்விடுகிறார்கள், பெயர்கள் மனப்பாடமாகும்போது டி.சி. வாங்க வந்து நிற்கிறார்கள். ஜூன் மாதத்தில் புதிய முகங்களைப் பார்த்து எரிச்சல் அடையாத மேல்நிலை ஆசிரியர் யாரும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

பிரையன் எல்ஸ்லியும் அவருடைய மகன் ஜேமி பிரிட்டனும் சேர்ந்து உருவாக்கிய தொடர் இது. தகப்பன் வைத்திருந்த கதைத் திட்டங்கள் சலிப்பூட்டுகின்றன என்று மகன் சொல்லப்போய், பதின்வயதினரைப் பற்றி எடுக்கலாம் என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. எழுத்தாளர் குழுவின் சராசரி வயது 21 என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். குழுவில் இருந்த டேனியல் கலூயா அப்போது பதின்வயதைக்கூடத் தாண்டவில்லை. தொடரில் சிறு வேடமும் செய்தார், 2021-இல் ஆஸ்கர் விருது வாங்கினார். ஆகவே தகப்பன்மார் கோமாளிகளாகத் தெரிவதற்கு எழுதியவர்களின் வயதும் ஒரு காரணம்.

ஜூன் 15

கிறிஸ் என்ற பையனின் எபிசோடைப் பற்றி எழுதாமல் இந்த விவாதம் நகராது.

தாய் ஒரு நாள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். ஒரு உறையில் 1,000 பவுண்டு மட்டும் இருக்கிறது. அவன் அந்தப் பணத்தை என்ன செய்கிறான்? நண்பர்களை அழைத்து வீட்டில் விருந்து வைத்துத் தீர்த்துவிடுகிறான். நெல்லிக்குப்பத்து நண்பர் கண்டிக்கிற குடியும் கூத்தும் இந்த எபிசோடில் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அந்தக் கூத்து நடக்கிற வீட்டில் பெரியவர் ஒருவரும் இல்லை என்பதையும், அவனுடைய அண்ணன் முன்னமே இறந்துபோனவன் என்பதையும், மறுநாள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எதைப் பற்றிய காட்சி என்பது புலப்படும்.

எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் இருந்தான். தாய் இல்லை, தந்தை வளைகுடா நாட்டில் வேலை, புதுப்பாளையம் பக்கத்தில் காது கேளாத பாட்டியோடு இருந்தான். பணத்துக்குக் குறைவில்லை, மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அந்த வகுப்புப் பையன்கள் எல்லோரும் படிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவன் வீட்டு மொட்டை மாடியில்தான் கூடினார்கள். ஒரு நாள் ஏதோ தகராறு பெரிதாகி, பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேரும் அவனைக் கைகாட்டினார்கள்; அவன்தான் மற்றவர்களைக் கெடுத்தவன், அவன் வீடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அவனுக்காகப் பேச அந்த அறையில் ஆள் இல்லை. பாட்டி வந்திருந்தார், ஆனால் என்ன நடக்கிறது என்பதே அவருக்குக் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகள் ஏன் தங்கள் வீட்டை விட்டு அங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிறிஸின் எபிசோடை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன்.

ஜூன் 16

1,000 பவுண்டு என்பது எவ்வளவு என்று கேட்டவருக்கு: 2007-இன் மாற்று விகிதத்தில் 80,000 ரூபாய்க்கு மேல். "எங்கள் வீட்டில் அவ்வளவு வைத்துவிட்டுப் போனால் பையனுக்கு முன்பாகச் சித்தப்பா வந்துவிடுவார்" என்று அவர் எழுதியிருப்பது உண்மைதான். சித்தப்பாக்கள் இருக்கிற ஊரில் கிறிஸின் கதை இதே வடிவத்தில் நடக்காது.

ஜூன் 21

சித்தப்பா பற்றிய அந்த வரியை நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தொடரில் என்னை மிகவும் பாதித்த எபிசோடுக்கு அது நேராகக் கொண்டுபோய் விடுகிறது.

இரண்டாம் சீசனின் மூன்றாவது எபிசோடு. டோனியின் நெருங்கிய நண்பன் சிட்டின் தந்தையாக நடித்திருப்பவர் பீட்டர் கபால்டி. முதல் சீசன் முழுவதும் இந்த மனிதர் மகனைத் திட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. கோமாளித் தகப்பன்மார் வரிசையில் இவரும் ஒருவர் என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். இந்த எபிசோடில் ஸ்காட்லாந்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் முன்னால் இவர் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்கிறபோது, இவரும் ஒரு தகப்பனிடம் ஏச்சு வாங்கி வளர்ந்த பையன் என்பது தெரிகிறது. கடைசியில் எதிர்த்து நிற்கிறார். மகனுக்கும் தகப்பனுக்கும் இடையில் ஏதோ இளகுகிறது. மறுநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடக்கிறார்.

சிட் என்ன செய்கிறான் என்றால், வழக்கம்போலக் கல்லூரிக்குப் போகிறான். யாரிடமும் சொல்வதில்லை. மாலையில் ஒரு இசை நிகழ்ச்சிக் கூட்டத்துக்குள் டோனியைப் பார்க்கும்போதுதான் உடைகிறான். டோனியும் அப்போது பழைய டோனியாக இல்லை. முதல் சீசனின் முடிவில் பேருந்து மோதி மூளையில் அடிபட்டு, தன் பெயரை எழுதக்கூடத் தடுமாறுகிற நிலையில் இருக்கிறான்.

இதை முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு சாவை ஒளித்து வைக்க முடியாது. பையன் வாய் திறப்பதற்கு முன்பே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை எழுந்துவிடும்; வாசலில் பந்தல் விழுந்துவிடும்; கொள்ளி வைத்த பிள்ளை மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வரும்போது விசாரிக்க வேண்டிய தேவையே இருக்காது. சொல்ல வேண்டியதை ஊரே சொல்லிவிடுகிறது, பையன் எதையும் சொல்லாமலே இருந்துவிட முடிகிறது. இதைத்தான் நான் சிட்டைப் பார்த்த பிறகு யோசித்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்பு தந்தையை இழந்த மாணவன் ஒருவன் அப்படி மொட்டைத் தலையோடு வந்தான். வகுப்பு முழுவதும் அவனிடம் அன்பாக நடந்துகொண்டது. ஆசிரியர்கள் நாங்களும் அளவாக ஆறுதல் சொன்னோம். பிறகு எல்லோரும் பாடத்துக்குத் திரும்பினோம். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் நாட்களில் அவன் ஆசிரியர் அறைக்கு வந்துகொண்டே இருந்தான். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து சரியில்லை என்பான். திருத்திக் காட்டினால் போய்விடுவான். மறுபடியும் வந்து, அந்தத் திருத்தம் மேலே அனுப்பிய படியிலும் இருக்கிறதா என்று கேட்பான். எங்களுக்கு வேலை நெருக்கடி, எரிச்சலாக இருந்தது. "ஒரு தடவை பார்த்தால் போதாதா?" என்று அலுவலகத்தில் யாரோ அதட்டினார்கள். அதன் பிறகு அவன் வரவில்லை. தந்தையும் மகனும் எப்படி இருந்தார்கள், கடைசியாக என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 24

விருத்தாசலத்திலிருந்து ஒருவர், "நம்மைப் போன்ற குடும்பம் ஒன்றுகூட அதில் இல்லை" என்கிறார். இருக்கிறது. அன்வரின் குடும்பம் பாகிஸ்தானிய வேர்களைக் கொண்ட முஸ்லிம் குடும்பம். அன்வரின் நெருங்கிய நண்பன் மாக்சி ஆண்களை நேசிப்பவன். அன்வரின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த மாக்சி, "உன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னால்தான் உள்ளே வருவேன்" என்று வெளியே நிற்கிறான். கடைசியில் தந்தையே வெளியே வருகிறார். மாக்சி தன்னைப் பற்றிச் சொல்கிறான். அவர் முதலில் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார். பிறகு, உலகத்தில் தனக்குப் புரியாத விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன், என்றாவது இறைவன் புரியவைப்பான் என்ற பொருளில் சொல்லி, அவனை உள்ளே சாப்பிட அழைத்துப் போகிறார். சாப்பாட்டை முதலில் பேசுகிற அந்தத் தகப்பனை நமக்குத் தெரியாதா?

அன்வராக நடித்தவர் தேவ் படேல். நடிகர் தேர்வு அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்து அவரை அழைத்துக்கொண்டு போனவர் அவருடைய தாய். இந்தத் தொடரில் அவரைப் பார்த்துவிட்டு இயக்குநர் டேனி பாயிலின் மகள் சொன்ன பரிந்துரையால்தான் 2008-இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் வாய்ப்பு அவருக்கு அமைந்தது. உதவாக்கரைப் பெற்றோர் நிறைந்த தொடருக்கு ஒரு தாய் பார்த்த விளம்பரத்தால் நடிகர் கிடைத்திருக்கிறார்.

ஜூன் 29

குடியைப் பற்றி நான் நழுவுகிறேன் என்கிறார்கள். நழுவவில்லை.

தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படி 21 வயதாக வேண்டும். புதுச்சேரியில் 18 போதும். மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியை எடுத்து, ஆல்பேட்டை சோதனைச் சாவடியையும் பெண்ணையாற்றுப் பாலத்தையும் தாண்டினால், முள்ளோடையில் ஒரு பையனுக்குச் சட்டப்படி மூன்று வயது கூடிவிடுகிறது. புதுச்சேரி நண்பர்கள் கோபப்பட வேண்டாம், உங்கள் ஊரைக் குறை சொல்லவில்லை. கடலூர்ப் பையன்கள் அங்கே போய்ச் செய்வதை உங்கள் ஊர்ப் பையன்கள் செய்வதில்லை என்பதை நானே சாட்சி சொல்வேன். தொடர் நடக்கிற பிரிஸ்டல் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த அறையும் பூட்டக்கூடிய கதவும் இருக்கின்றன. கூடத்தில் வரிசையாகப் படுத்துறங்கும் நம் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியும், தேவனாம்பட்டினம் கடற்கரையும், சவுக்குத் தோப்பும், இரவல் வண்டியும் இருக்கின்றன. தொடர் வருவதற்கு முன்பும் இருந்தன.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். தொடர் ஒன்றைச் சொன்னது, அதன் விளம்பரம் வேறொன்றைச் சொன்னது. முன்னோட்டத்தில் கொண்டாட்டம் மட்டுமே இருந்தது. மறுநாள் காலை இல்லை. 2007-இல் வடகிழக்கு இங்கிலாந்தில் பெற்றோர் ஊரில் இல்லாத ஒரு வீட்டில் இந்தத் தொடரின் பெயரைச் சொல்லியே விருந்து அறிவிக்கப்பட்டு, வீடு சூறையாடப்பட்டது. கிறிஸின் எபிசோடு அதே ஆண்டில்தான் ஒளிபரப்பானது. நெல்லிக்குப்பத்து நண்பரின் குற்றச்சாட்டை அந்த முன்னோட்டத்தை எடுத்தவர்களுக்கு அனுப்பினால் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜூலை 5

'அடோலசென்ஸ்' பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள், "அது எவ்வளவு பொறுப்பான தொடர், இது எவ்வளவு பொறுப்பற்ற தொடர்" என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். 2025 மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு எபிசோடுகள். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்கப்பட்டது. உடன்படித்த பெண்ணைக் கொன்றதாகக் கைதாகும் 13 வயது ஜேமியின் கதை. தந்தையாக நடித்த ஸ்டீபன் கிரகாமோடு சேர்ந்து அதை எழுதியவர் ஜாக் தோர்ன்.

அந்த ஜாக் தோர்ன் ஸ்கின்ஸ் தொடரின் தொடக்க காலத்தில் அதன் எழுத்தாளர்களில் ஒருவர். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. இருபதுகளில் இருந்தபோது, பெற்றோரை விளிம்பில் நிறுத்திய தொடருக்கு எழுதியவர், நாற்பதுகளில் பெற்றோரின் படுக்கையறைக்குள் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கடைசி எபிசோடில் தாயும் தகப்பனும் அங்கே உட்கார்ந்து, பையன் அறைக்குள்தானே இருந்தான், பத்திரமாகத்தானே இருக்கிறான் என்று நினைத்தோம் என்று பேசிக்கொள்கிறார்கள். டோனியின் தந்தையும் அப்படி நினைத்தவர்தான். அவரை வைத்து நாம் சிரித்தோம், இவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. எது பொறுப்பானது என்ற போட்டியில் எனக்கு அக்கறை இல்லை. வாசலைக் கவனிக்காத அதே வீட்டை இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றால் இரண்டும் வேண்டும்.

ஜூலை 6

விஜய் டிவியில் 2006-இல் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்' ஏன் பேச்சில் வரவில்லை என்று கேட்டவருக்கு: என் மாணவர்கள் மாலையில் அதைப் பார்க்க ஓடினார்கள், நானும் பார்த்தேன், பிடித்திருந்தது. குறும்பு இருந்தது, நட்பு இருந்தது. வீட்டுக்குள் போகும்போது மட்டும் அது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனது.

ஜூலை 9

நான்காம் சீசனைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். இதுவரை ஆதரித்து எழுதியதை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

எஃபியின் மனநோய் கதைக்குள் வருகிறது. ஃபிரெடியின் தாய் மனநோயால் தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். இப்போது அவன் நேசிக்கிற பெண்ணிடம் அதே நிழலைப் பார்க்கிறான். இதைவிடக் கனமான பொருள் ஒரு தொடருக்கு வாய்க்காது. ஆனால் எழுதியவர்கள் அதை நம்பாமல், மனநல ஆலோசகர் ஒருவரைக் கொண்டுவந்து, அவரையே கொலைகாரர் ஆக்கி, ஃபிரெடியைச் சாகடித்துவிட்டார்கள். அதுவரை இந்தப் பிள்ளைகளின் துன்பம் வீட்டிலிருந்து வந்தது: போய்விட்ட தாய், கவனிக்காத தகப்பன், பேச வராத வாய். இந்த இடத்தில் துன்பம் கையில் தடியோடு வெளியிலிருந்து வருகிறது. பெரியவர்களைக் கோமாளிகளாகக் காட்டியதைப் பிள்ளையின் கண் என்று சொல்லி நியாயப்படுத்தினேன். பெரியவரைப் பிசாசாகக் காட்டுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. எந்தப் பிள்ளையும் தன் ஆலோசகரை அப்படிப் பார்ப்பதில்லை. அவர்மேல் சலிப்புத்தான் கொள்ளும்.

நடைமுறையிலும் எனக்கு இதில் கோபம் உண்டு. ஆலோசகரிடம் போகச் சொன்னால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கிற பிள்ளைகளும், "கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும்" என்று தடுக்கிற தாய்மாரும் இருக்கிற ஊரில் நான் வேலை பார்த்தேன். ஒரே ஒரு மாணவியை அனுப்பிவைக்க ஒரு குடும்பத்தோடு நான் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. அவள் இந்த எபிசோடை அப்போது பார்த்திருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது.

ஜூலை 13

மிச்சமிருக்கும் கேள்விகளுக்கு. அமெரிக்காவில் 2011-இல் எம்டிவி எடுத்த மறுபதிப்பு 10 எபிசோடுகளோடு நின்றுவிட்டது. விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அதைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. 2013-இல் வந்த ஏழாம் சீசன், எஃபி, கேசி, குக் ஆகிய மூவரையும் வளர்ந்தவர்களாகக் காட்டுகிறது. கேசியின் பகுதியை மட்டும் பாருங்கள். ஐந்தாம், ஆறாம் சீசன்களில் எனக்கு மனம் ஒட்டவில்லை, ஒட்டியவர்கள் எழுதலாம்.

நெல்லிக்குப்பத்து நண்பர் சிட்டின் தந்தை எபிசோடைப் பார்த்துவிட்டதாகவும், தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நல்லது. மகனோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், இருவருக்கும் சங்கடம். அவன் எந்த எபிசோடு வரைக்கும் வந்திருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள்.